வெள்ளை வெளேர் சருமத்துக்கு மேக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர் பார்லர்களில் மேக்கப் கற்றுக்கொள்வதே மாநிற முகத்தை வைத்துத்தான். மணப்பெண் என்றால் தோலைவிட ஒரு ஷேடு வெளுப்பாக ஏற்றிப் போட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பிறவியிலேயே வெள்ளை வெளேரென்று இருக்கிற ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், ஏற்றுவதற்கு மேலே ஷேடும் கிடையாது, வேறு என்ன செய்வதென்ற யோசனையும் கிடையாது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துப் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம்.

1. நான் ஏற்கெனவே கலராத்தான் இருக்கேன். எனக்கு எதுக்குக்கா ஃபவுண்டேஷன்?

பல நாட்களில் தேவையே இல்லை. திட்டுத் திட்டாக இருக்கும் நிறத்தைச் சமப்படுத்தத்தான் ஃபவுண்டேஷன். வெளுத்த தோலில் நிறம் தரும் மெலனின் குறைவு என்பதால் அடியில் ஓடும் ரத்தக் குழாய்வரை வெளியே தெரியும். மூக்கோரச் சிவப்பு, கண்ணுக்குக் கீழே நீலம், பரு ஆறிய இடத்தில் ரோஸ் தழும்பு என்று மாநிறத்தில் அமுங்கிப் போகும் சங்கதியெல்லாம் இதில் பளிச்சென்று நிற்கும்.

காலேஜுக்கும் ஆபீசுக்கும் அந்த இடங்களில் மட்டும் கன்சீலரை, அதாவது திட்டை மறைக்கும் கெட்டிக் கிரீமை, தொட்டு வைத்து விரலால் தட்டிவிட்டால் முடிந்தது. முழு முகத்துக்குப் போடுவதாக இருந்தாலும் ஒரு பட்டாணி அளவில் தொடங்குங்கள். மூக்கைச் சுற்றி ஆரம்பித்து வெளிப்பக்கம் போகப் போக மெலிதாகட்டும்.

2. கடையில கையில தடவிப் பார்த்துத்தான் வாங்குறேன். வீட்டுக்கு வந்து முகத்துல போட்டா வேற மாதிரி இருக்கு. ஏன்?

மூன்று காரணம். முதலாவது, கை. ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்குப் புறங்கை முகத்தைவிட இரண்டு ஷேடு கறுத்திருக்கும். மணிக்கட்டின் உட்புறமோ முகத்தைவிட வெளுத்திருக்கும். இரண்டுமே முகத்துக்குச் சாட்சி சொல்லாது. தாடை எலும்பின் மேல், கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும்படி மூன்று ஷேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போடுங்கள். எந்தக் கோடு இருக்கும் இடம் தெரியாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது.

இரண்டாவது, வெளிச்சம். வேலூர் லாங் பஜார் மாதிரி நெருக்கமான கடைவீதியில் கடைக்குள்ளே ட்யூப்லைட்தான். அதில் மஞ்சள் நிறமும் ரோஸ் நிறமும் ஒன்றுபோலவே தெரியும். கோடு போட்ட பிறகு வாசலுக்கு வந்து, நிழலில் நின்று, கைக்கண்ணாடியில் பாருங்கள். உச்சி வெயிலில் நேராக நின்று பார்த்தால் எல்லாமே பொருந்துவது போல ஏமாற்றும்.

மூன்றாவது, நேரம். எண்ணெய்ப் பசையும் காற்றும் பட்டுச் சில ஃபவுண்டேஷன்கள் அரை மணி நேரத்தில் ஒரு ஷேடு கறுத்து, ஆரஞ்சு தட்டிவிடும். மாநிறத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. வெளுத்த முகத்தில் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். தடவிவிட்டு வேறு சாமான் வாங்கப் போய் வாருங்கள். திரும்பி வந்து பார்த்து, அப்போதும் பிடித்திருந்தால் பணம் கொடுங்கள்.

3. கூல், வார்ம்னு சொல்றாங்களே, நான் எதுன்னு எப்படித் தெரியும்?

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் வழியை எல்லோரும் சொல்வார்கள். மிக வெளுத்தவர்களுக்கு அது அவ்வளவு உதவாது. நரம்பு தோலுக்கு மிக அருகில் தெரிவதால் பெரும்பாலும் நீலமாகத்தான் இருக்கும். அதைவிட, முகம் கழுவித் துடைத்துப் பத்து நிமிஷம் கழித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளைக் கழுத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். தாளுக்குப் பக்கத்தில் தோல் ரோஸ் அடித்தால் கூல், வெண்ணெய் போல மஞ்சள் அடித்தால் வார்ம், இரண்டும் சொல்ல முடியாவிட்டால் நியூட்ரல். முகத்தில் பார்க்காதீர்கள், முகச்சிவப்பு குழப்பிவிடும்.

நாலாவது ஒரு ரகமும் உண்டு. வெளுப்புதான், ஆனால் லேசாகப் பச்சை ஓடும். ஆலிவ் என்பார்கள். ரோஸ் ஷேடு போட்டால் பன்னீர் ரோஜா மாதிரியும், மஞ்சள் ஷேடு போட்டால் காமாலை மாதிரியும் தெரிகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களுக்கு நியூட்ரல் ஷேடுதான் கைகொடுக்கும்.

மேக் (MAC) பிராண்டில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே என்.சி. வரிசை மஞ்சள் ஓடும் தோலுக்கு, என்.டபிள்யூ. வரிசை ரோஸ் ஓடும் தோலுக்கு. எழுத்தைப் பார்த்து சி என்றால் கூல் என்று எடுத்தால் தலைகீழாகிவிடும்.

4. கடையில இருக்கிற ரொம்ப லைட் ஷேடே எனக்கு டார்க்கா இருக்கு. என்ன பண்றது?

முதலில் எண்ணைப் பாருங்கள். மேபலின் ஃபிட் மீ வரிசையில் 128, 120, 115, 110 என்று எண் இறங்க இறங்க நிறம் வெளுக்கும். சின்ன ஊர்க் கடையில் வேகமாகப் போகிற ஷேடைத்தான் வாங்கி வைப்பார்கள், அடிமட்ட எண்களைக் கேட்டால்தான் வரவழைப்பார்கள். "இதுதாம்மா இருக்கிறதுலயே லைட்டு" என்பது அந்தக் கடையின் அலமாரியைப் பற்றிய பேச்சு.

அதுவும் கறுப்பாக இருந்தால், வெள்ளை மிக்ஸர் என்று தனியாக விற்கும் வெள்ளை நிற ஃபவுண்டேஷனைக் கலக்க வேண்டும். ஒரு பட்டாணி அளவுக்கு ஒரு கடுகு அளவு வெள்ளை. கலக்கி, தாடையில் வைத்துப் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு கடுகு. வெள்ளை சேரச் சேர நிறம் சாம்பல் பக்கம் ஓடும் என்பதால், வார்ம் தோல்காரர்கள் முதலிலேயே மஞ்சள் தூக்கலான ஃபவுண்டேஷனை எடுத்துக்கொண்டு அதில் வெள்ளையைக் கலக்க வேண்டும். நீர் சார்ந்ததோடு நீர் சார்ந்தது, சிலிக்கான் சார்ந்ததோடு சிலிக்கான் சார்ந்தது. மாற்றிக் கலந்தால் பால் திரிந்த மாதிரி பொரிப் பொரியாகும்.

மாய்ஸ்சரைசர் கலந்தால் வெளுக்கும் என்பது தப்பு. அது மெலிதாக்கும், அவ்வளவுதான். சில சமயம் அந்த மெலிதே போதும் என்பது வேறு விஷயம். டால்க் பவுடரைக் கலந்து மட்டும் பார்க்காதீர்கள்.

5. கல்யாண போட்டோவுல மூஞ்சி மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியுது. நேர்ல நல்லாத்தானே இருந்துச்சு?

ஃபிளாஷ் வெளிச்சம் திருப்பி அடித்ததால் வரும் வெள்ளை அது. டைட்டானியம் டை ஆக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன், மேலே தூவும் வெள்ளை எச்.டி. பவுடரில் இருக்கும் சிலிக்கா, இவை ஃபிளாஷ் ஒளியை நேராகக் கேமராவுக்கே அனுப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரியும். வெளுத்த முகம் ஏற்கெனவே நிறைய ஒளியைத் திருப்புகிறது. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் மூக்கும் நெற்றியும் அடையாளம் இல்லாமல் போகும். கண்ணும் உதடும் மட்டும் மிதக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் மேக்கப் போட்டுப் பார்க்கும் டிரையல் அன்றே சோதித்துவிடலாம். அறை விளக்கை அணைத்து, போனில் ஃபிளாஷைப் போட்டு, யாரையாவது நாலடி தள்ளி நின்று நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தும் முகமும் ஒரே நிறமாக வந்தால் சரி. கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பட்டை விழுந்தால் பவுடர்தான் காரணம். முகம் முழுக்க வெளுத்தால் சன்ஸ்கிரீனோ ஃபவுண்டேஷனோ காரணம்.

மண்டபத்திலேயே கண்டுபிடித்தால், துடைக்காதீர்கள். ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, வெள்ளையான இடத்தில் ஒத்தி ஒத்தி எடுங்கள். பிறகு தோல் நிறத்து காம்பாக்டை மெல்லிய பிரஷ்ஷில் ஒரே ஒரு சுற்று. இன்னொரு பக்கம், ஒரு ஷேடு ஏற்றிப் போட்டதாலும் இதே சுண்ணாம்பு வரும். அதற்கு மண்டபத்தில் மருந்தில்லை. 2-ம் கேள்வியிலேயே சரிசெய்திருக்க வேண்டும்.

6. நலங்கு வச்ச மஞ்சள் கழுத்தெல்லாம் பிடிச்சிக்கிச்சு. நாளைக்கு முகூர்த்தம். டிரையல்ல எடுத்த ஷேடு இப்போ ஒத்தே வரலையே?

இது வெளுத்த சருமத்துக்கே உரிய தலைவலி. மாநிறத்தில் நலங்கு மஞ்சள் ஒரு பொலிவாகத் தெரியும். வெள்ளைத் தோலில் சாயம் ஏறிய துணிபோல இரண்டு நாள்கூட நிற்கும். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எவ்வளவு கழுவினாலும் போகாது. கட்டி சோப்பு போட்டால் ஆரஞ்சுச் சிவப்பாகக்கூட மாறும். குங்குமம் செய்ய மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ப்பதும் இதே கணக்கில்தான்; காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்.

ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை முகத்திலும் கழுத்திலும் தடவி மூன்று நிமிஷம் மெதுவாகத் தேயுங்கள். வெதுவெதுப்பான நீரில் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் மஞ்சள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். இன்னொரு முறை எண்ணெய், இன்னொரு முறை துணி, கடைசியில் லேசான ஃபேஸ்வாஷ். எலுமிச்சை, சோடா உப்பு, நார் இவை எதுவும் கூடாது. மஞ்சளுக்குப் பதில் சிவப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விடிந்தும் மிச்சமிருந்தால், ஃபவுண்டேஷனுக்கு முன்னால் நிறத்தைச் சரிக்கட்டும் லாவண்டர் நிறக் கரெக்டரைக் கழுத்திலும் தாடையிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிதாகத் தட்டுங்கள். இன்னும் நலங்கு நடக்காதவர்கள், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வைத்துக்கொள்ளப் பாருங்கள். சமையல் மஞ்சளைவிடக் கஸ்தூரி மஞ்சள் மிகக் குறைவாகவே பிடிக்கும். பெரியவர்கள் சம்பிரதாயத்துக்குச் சமையல் மஞ்சள்தான் என்றால், அதைக் கையிலும் காலிலும் வைத்து, முகத்தில் பொட்டளவோடு நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

7. மூக்கு ஓரம் எப்பவும் சிவப்பா இருக்கு. பச்சை கிரீம் போட்டா பச்சையாவே தெரியுதுக்கா.

அளவு அதிகம். பச்சைக் கரெக்டர் சிவப்பைத் தணிக்கும், ஆனால் சிவந்த இடத்தில் மட்டும், அரிசி அளவில். விரல் நுனியில் எடுத்துத் தட்டி, ஒரு நிமிஷம் உலரவிட்டு, மேலே ஃபவுண்டேஷனைத் தேய்க்காமல் ஒத்துங்கள். தேய்த்தால் இரண்டும் கலந்து சாம்பலாகும்.

காரம் சாப்பிட்டாலும் வெயிலில் நின்றாலும் சிவந்து, எரிச்சலும் சின்னப் பருக்களுமாக மாதக்கணக்கில் போகாமல் இருந்தால், தோல் மருத்துவரைப் பாருங்கள். ரொசேஷியா என்ற முகச்சிவப்பு நோயாக இருக்கலாம். அதை மேக்கப்பால் மூடிக்கொண்டே போனால் கூடத்தான் செய்யும்.

8. கண்ணுக்குக் கீழ கருவளையத்துக்கு ஆரஞ்சு கரெக்டர் போடச் சொன்னாங்க. போட்டா காயம் பட்ட மாதிரி இருக்கு.

ஆரஞ்சு மாநிறத்துக்கும் கறுப்புக்கும். வெளுத்த தோலில் வளையம் நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும், அதற்கு வெளிர் பீச் அல்லது வெளிர் ரோஸ் போதும். மூக்குப் பக்கத்து உள்மூலையில் தொட்டு வெளியே தட்டுங்கள். மேலே போடும் கன்சீலர் முக நிறத்திலேயே இருக்கட்டும். இரண்டு ஷேடு வெளுத்த கன்சீலரை முக்கோணமாகப் போடும் பழக்கம் உங்களுக்கு வேண்டாம். மூக்குக்கண்ணாடி போட்ட தழும்பு மாதிரி இருக்கும்.

9. பிளஷ் போட்டா யாரோ அறைஞ்ச மாதிரி இருக்கு.

நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிளஷ் எல்லாம் மாநிறத்தில் தெரிய வேண்டும் என்று நிறம் தூக்கலாகச் செய்தவை. ஒரே இழுப்பில் வெளுத்த கன்னத்தில் அப்படியே பதிந்துவிடும். பெரிய, தளர்ந்த முடியுள்ள பிரஷ்ஷை நுனி மட்டும் தொட்டு, டிஷ்யூவில் இரண்டு தடவை தட்டி உதிர்த்துவிட்டு, பிறகு கன்னத்துக்குக் கொண்டுபோங்கள். சிரித்தால் உப்பும் இடத்தில் ஆரம்பிக்காமல், அதற்கு ஒரு விரல் வெளியே, கன்ன எலும்பின் மேல் ஆரம்பித்துக் காதுமேட்டை நோக்கி.

நிறத்துக்கு ஒரு சுலபமான வழி. படியேறி வந்தாலோ லேசாகக் கிள்ளினாலோ கன்னம் எந்த நிறத்தில் சிவக்கிறதோ, அதற்குப் பக்கத்து நிறம் வாங்குங்கள். கூல் தோலுக்கு அது பெரும்பாலும் வெளிர் ரோஸ், வார்ம் தோலுக்கு பீச். செங்கல் நிறமும் பிளம் நிறமும் வேண்டாம். அதிகமாகிப் போனால் மேலே பவுடர் போடாதீர்கள், ஃபவுண்டேஷன் மிச்சமிருக்கும் அதே ஸ்பாஞ்சால் ஒத்தினால் அமுங்கிவிடும்.

வெளுத்த முகத்தில் ஒரே ஒரு பொருள்தான் போட முடியும் என்றால், லிப்ஸ்டிக்குக்கு முன்னால் பிளஷைத்தான் எடுக்கச் சொல்வோம். முகத்துக்கு ரத்த ஓட்டம் வந்த மாதிரி இருக்கும்.

10. கான்டூர் பண்ணலாமா?

பண்ணலாம், பிரான்சர் என்று விற்கும் ஆரஞ்சுப் பழுப்பைக் கொண்டு வேண்டாம். கான்டூர் என்பது முகத்தில் நிழல் விழுந்த மாதிரி காட்டுவது, நிழல் என்பது சாம்பல் கலந்த பழுப்பு. டோப் என்று கேட்டு வாங்குங்கள். பகல் முகூர்த்தத்துக்கு அதுவும் அவசியமில்லை.

11. மை வச்சா கண்ணு மட்டும் தனியா தெரியுது, பேய் மாதிரி இருக்கேன்னு வீட்ல கிண்டல் பண்றாங்க.

கருப்பு மையை விட்டுவிட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். கீழ் இமையின் உள்கோட்டில் அழுத்தி வைத்த கருப்பு, வெள்ளைத் தோலில் கண்ணைச் சின்னதாக்கி, இரண்டு மணி நேரத்தில் கீழே இறங்கிக் கருவளையமாகும். மேல் இமையில், முடி முளைக்கும் வேரோடு ஒட்டிக் கருப்பு வையுங்கள். கீழே வேண்டுமானால் அடர் பழுப்போ சாம்பலோ, வெளிப்பக்கம் பாதிவரை மட்டும். மஸ்காராவிலும் பகலுக்குப் பழுப்பு நன்றாக இருக்கும்.

ஐ ஷேடோவில் வெளுத்தவர்கள் யோசிக்க வேண்டியது சிவப்பும் மெரூனும்தான். கண் ஏற்கெனவே ரோஸ் அடித்திருந்தால், அழுத மாதிரி, கண்வலி வந்த மாதிரி தெரியும். புடவைக்கு மேட்ச்சாக மெரூன் வேண்டுமென்றே இருந்தால், அதற்கும் கண்ணோரத்துக்கும் நடுவே ஒரு கோடு பழுப்பு போட்டுப் பிரித்துவிடுங்கள்.

12. புருவத்துக்கு கருப்பு பென்சில் தானே?

தலைமுடி கன்னங்கரேல் என்று இருந்தாலும் பென்சில் அடர் சாம்பல் பழுப்பாக இருக்கட்டும். முடி செம்பட்டை என்றால் இன்னும் ஒரு படி வெளிறியது. முன்பகுதியை நிரப்பாமல் விட்டு, நடுவிலிருந்து வாலுக்கு மட்டும் வரையுங்கள்.

த்ரெட்டிங்கை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளுத்த தோலில் சிவப்பும் சின்னச் சின்னப் பொரியும் மறுநாள்வரைகூட நிற்கும். மூன்று நாள் இடைவெளி விடுங்கள். ஃபேஷியல், பிளீச் என்றால் ஒரு வாரம்.

13. நியூட் லிப்ஸ்டிக் போட்டா ஜுரம் வந்தவ மாதிரி இருக்கு. சிவப்பு போட்டா ஓவரா இருக்கு. நடுவுல எது?

நியூட் என்று பெரும்பாலும் விற்பது பழுப்பு கலந்த பீஜ். உங்கள் முகத்தின் நிறமும் அதுவும் ஒன்றாகி உதடே காணாமல் போகிறது. உங்கள் நியூட் என்பது உங்கள் உதட்டைவிட ஒரு படி கூடின ரோஸ். கீழுதட்டை லேசாகக் கடித்துவிட்டுப் பாருங்கள், வரும் நிறம்தான் குறி.

சிவப்பு உங்களுக்குத்தான் பொருந்தும், பயப்படாதீர்கள். கூல் என்றால் நீலம் ஓடும் சிவப்பு, செர்ரி, ராஸ்பெரி பக்கம். இதில் பல்லும் வெள்ளையாகத் தெரியும். வார்ம் என்றால் தக்காளிச் சிவப்பு, கோரல். ஓவராக இருப்பது நிறத்தால் அல்ல, பெரும்பாலும் ஓரத்தால். கூர்மையாகக் கோடு கட்டாமல், விரலால் நடுவில் ஒற்றி வெளியே தட்டினால் அதே சிவப்பு வேறு ஆளாகிவிடும். அன்றைக்கு மற்றதையெல்லாம் குறையுங்கள்: மேல் இமையில் கோடு, பிளஷில் பாதி அளவு.

14. நம்ம ஊரு கத்திரி வெயில்ல எந்த மேக்கப் நிக்கும்?

மே மாதக் கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் எதுவும் அப்படியே நிற்காது. கனமாகப் போட்டால் வழிந்து திட்டாகும், மெலிதாகப் போட்டால் நாசூக்காகக் கலையும். அடுக்கைக் குறைப்பதுதான் வழி. முகம் கழுவி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு நிமிஷம் ஒத்துங்கள். வெறும் ஐஸை வைத்துத் தேய்த்தால் வெளுத்த தோல் சிவந்துவிடும். ஜெல் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், பதினைந்து நிமிஷ இடைவெளி, மெல்லிய ஃபவுண்டேஷன், மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் பவுடர்.

இன்னொன்று, வெயிலில் உங்கள் முகமே ரோஸ் ஆகும். வெளியே போகிற நாளில் பிளஷைப் பாதியாக்குங்கள், மிச்சத்தை வெயில் போட்டுவிடும். வியர்வையை டிஷ்யூவால் ஒற்றிய பிறகுதான் டச்சப். வியர்வை மேலேயே காம்பாக்ட் அடித்தால் மாவாக அப்பிக்கொள்ளும். லிப்ஸ்டிக்கை ஸ்கூட்டி டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உருகி, வியர்த்து, பிறகு திரித் திரியாக வரும்.

15. சன்ஸ்கிரீன் போட்டாலே வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும், மேல ஃபவுண்டேஷன் போட்டா உருண்டு உருண்டு வருது. விட்டுடலாமா?

வெளுத்தவர்கள் விடவே கூடாத ஒன்று இதுதான். மெலனின் கவசம் குறைவு, அரை மணி நேரத்தில்கூடத் தோல் சுட்டுச் சிவக்கும். எஸ்.பி.எஃப். என்ற வெயில் காப்பு எண் 30-ஆவது வேண்டும், வெளியில் வேலை என்றால் 50. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் இரண்டு கோடு என்பது முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்த அளவு. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. ஃபவுண்டேஷன் டப்பாவில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அந்த அளவு ஃபவுண்டேஷனை யாரும் போடுவதில்லை.

உருள்வது அடியில் இருப்பது உலராததால், அல்லது 4-ம் பதிலில் சொன்ன நீர், சிலிக்கான் தகராறால். சன்ஸ்கிரீனைப் பதினைந்து நிமிஷம் விட்டு, ஃபவுண்டேஷனைத் தேய்க்காமல் ஒத்துங்கள். வெள்ளைப் படிவு பிடிக்காவிட்டால் டைட்டானியமும் ஜிங்கும் இல்லாத, கெமிக்கல் ஃபில்டர் உள்ளதை வாங்குங்கள். ஃபிளாஷ் பிரச்சினையும் அதில் குறைவு.

16. ஆரணிப் பட்டுல எந்தக் கலர் எடுத்தா முகம் எடுப்பா இருக்கும்?

புடவைக் கடையில் கேட்க வேண்டிய கேள்விதான், ஆனாலும் மேக்கப்புக்குச் சம்பந்தம் உண்டு. பட்டின் நிறம் தாடைக்குக் கீழே பிரதிபலிக்கும். மாம்பழ மஞ்சள் வெளுத்த கழுத்தை மேலும் மஞ்சளாக்கும், அரக்கு ரோஸாக்கும். மயில் கழுத்து, பாட்டில் பச்சை, ராமர் நீலம், ராணி பிங்க் எல்லாம் நன்றாக எடுக்கும். சந்தன நிறமும் வெளிர் ரோஸும்தான் ஆளையே கரைத்துவிடும். அவற்றைத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்றால் உதட்டு நிறத்தை ஒரு படி ஏற்றி, கரையின் நிறத்தில் ரவிக்கை போடுங்கள். டிரையலுக்கு அந்தப் புடவையையோ அதே நிறத் துணியையோ தோளில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

17. நான் கருப்பு ஹிஜாப் போடுவேன். முகம் ரொம்ப வெளுத்துத் தெரியுது, ஓரமெல்லாம் ஃபவுண்டேஷன் ஒட்டிக்குது.

கருப்புத் துணி முகத்தைச் சுற்றி வட்டம் கட்டுவதால் வெளுப்பு கூடுதலாகத் தெரியும். பிளஷும் புருவமும் வழக்கத்தைவிட ஒரு பொட்டு கூட இருக்கலாம். ஃபவுண்டேஷனை ஓரம்வரை கொண்டுபோகாதீர்கள், துணிக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தி மெலிதாக்குங்கள். நெற்றியோரத்திலும் தாடையோரத்திலும் பவுடரை அழுத்தி வைத்து, இரண்டு நிமிஷம் கழித்து உதறிவிட்டு, பிறகு துணியைச் சுற்றுங்கள். தினமும் கட்ட அடர் நீலமோ மெரூனோ மாற்றிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்.

18. பொட்டு வச்ச இடம் மட்டும் இன்னும் வெளுத்துப் போகுது. இது என்ன?

உடனே ஸ்டிக்கரை நிறுத்துங்கள். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் சிலருக்கு நிறத்தை அழித்துவிடும். மாநிறத்தில் சீக்கிரம் கண்ணில் படும். வெளுத்தவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். அரிப்பு, சிவப்பு வந்தாலே எச்சரிக்கை. தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, கொஞ்ச காலம் ஐ லைனரால் பொட்டு வரையலாம்.

குங்குமம் வைக்கிறவர்கள், ஃபவுண்டேஷன் மேல் நேராக வைத்தால் மூக்கெல்லாம் ரோஸ் தூள் விழும். ஊசிமுனை அளவு வாசலின் தொட்டு, அதன்மேல் வையுங்கள். விழுந்த தூளைத் துடைக்காமல் ஊதிவிடுங்கள்.

19. மாப்பிள்ளையும் வெள்ளைதான். ஷேவ் பண்ணின இடம் பச்சையா தெரியுது.

7-ம் பதிலுக்குத் தலைகீழ். நீலப் பச்சைக்குப் பீச் கரெக்டர், மிக மெலிதாக, தாடி வளரும் இடத்தில் மட்டும். மேலே கன்சீலர், ஒரு சிட்டிகை பவுடர். ஷேவிங் முந்தின இரவே முடியட்டும். காலையில் செய்தால் புதிதாகச் சிவந்த தோல் எதையும் பிடிக்காது.

20. ஒரு கிரீம் போட்டுத்தான் இவ்ளோ வெள்ளையானேன். இப்போ எதைப் போட்டாலும் எரியுது.

டியூபை எடுத்துப் பெயரைப் படியுங்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து பொங்கும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி போடுவார்கள். எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெயரே அச்சிடாத டப்பா என்றால், டப்பாவோடு போய்க் காட்டுங்கள். பாதரசம் கலந்தவையும் விற்கிறார்கள்.

அதுவரை முகத்துக்கு மேக்கப் வேண்டாம். தவிர்க்க முடியாத விசேஷமா, மருத்துவர் சொன்ன மாய்ஸ்சரைசர், லிப்ஸ்டிக், மேல் இமைக் கோடு, அவ்வளவோடு மேடையேறுங்கள். நன்றாகவே இருக்கும்.

21. எங்க பொண்ணுக்குப் பிறந்ததுல இருந்தே முடி, இமை எல்லாம் வெள்ளை. நிச்சயதார்த்தத்துக்குக் கலர் கூட்டிப் போடலாமா?

அல்பினிசம், அதாவது பிறவியிலேயே மெலனின் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் நிலை, உள்ளவர்களுக்கு முகத்தை மாநிறமாக்கினால் காது, கழுத்து, கை, தலைமுடி வகிடு எல்லாம் காட்டிக்கொடுக்கும். தேவையும் இல்லை. தோலுக்கு ஏற்ற ஷேடு கிடைக்காவிட்டால் 4-ம் பதிலில் சொன்ன வெள்ளைக் கலவை. புருவத்துக்கு வெளிர் பழுப்பு, இமைமுடிக்குப் பழுப்பு மஸ்காரா, கன்னத்துக்கு மிக வெளிர் பீச், உதட்டுக்கு அவளுக்குப் பிடித்த நிறம். கண் எடுப்பாகத் தெரிய ஆரம்பித்தவுடன் முகமே நிறைந்துவிடும்.

கண் கூசும், சிலருக்குக் கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும். ரிங் லைட்டை முகத்துக்கு நேரே வைக்காமல் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். கண்ணை மூடிய நிலையில் போட முடிந்ததை முதலில் முடியுங்கள். வீடியோகாரரிடம் ஃபோகஸ் லைட்டைத் தள்ளி, மேலே திருப்பி வைக்கச் சொல்லுங்கள். எஸ்.பி.எஃப். 50, குடை, முழுக்கை எல்லாம் தினசரிக்கே வேண்டும். தோலில் ஆறாத புண்ணோ புது மச்சமோ வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். போடுகிறவர் "கலர் கூட்டிடலாம்" என்று ஆரம்பிப்பதற்கு முன், பெண்ணிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

22. மாப்பிள்ளை நல்ல கருப்பு, நான் வெள்ளை. போட்டோவுல ஒண்ணு அவர் தெரிய மாட்டேங்குறார், இல்ல நான் வெளுத்துடுறேன். அவருக்குக் கொஞ்சம் ஏத்திடலாமா?

ஏற்றினால் சாம்பல் பூசின மாதிரி இருப்பார், வேண்டாம். இது பாதி மேக்கப், பாதி கேமரா. மேக்கப் பக்கம்: உங்கள் முகத்தில் ஹைலைட்டர், மினுமினுப்பு வேண்டாம், பளபளப்பில்லாமல் மேட்டாக (matte) முடியுங்கள், ஷேடு கழுத்தோடு கச்சிதமாக இருக்கட்டும், 5-ம் பதிலில் சொன்ன வெள்ளைப் பவுடர் கிட்டேயே வரக்கூடாது. அவருக்கு நெற்றி, மூக்கு எண்ணெயை ஒற்றி எடுத்து, கன்னத்தில் கொஞ்சம் பளபளப்பை அப்படியே விடுங்கள். கறுத்த தோலில் அந்தப் பளபளப்புதான் முக அமைப்பைக் காட்டும்.

கேமரா பக்கம்: முந்தின நாளே போட்டோகிராபரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஃபிளாஷை நேராக அடிக்காமல் குடை வழியாக அடிக்க வேண்டும். விளக்கு மாப்பிள்ளை பக்கம் கிட்டேயும் உங்கள் பக்கம் எட்டியும் இருக்க வேண்டும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுக்கும் ஒளி அளவை, உங்கள் முகத்துக்கு வைத்து, அவரை எடிட்டிங்கில் தூக்க வேண்டும். வெளுத்து எரிந்துபோன முகத்தைப் பிறகு எந்த எடிட்டிங்காலும் மீட்க முடியாது. மேடையில் உட்கார்ந்ததும் முதல் பத்துப் படங்களைக் கேமராத் திரையில் உங்கள் அக்காவோ தோழியோ போய்ப் பார்த்து வரட்டும். முகம் வெளுத்திருந்தால் அப்போதே விளக்கை நகர்த்தச் சொல்லலாம், தாலி கட்டுகிற நேரத்தில் யாரும் நகர்த்த மாட்டார்கள்.